காற்றுச் சுழலிகளின் பரிசோதனையும் பாதுகாப்பும்

காற்றைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகியவர்கள் நம் மக்கள். சோளகம் என்றும், வாடை என்றும், கொண்டல் என்றும், கச்சான் என்றும் திசைக்கொரு பெயரிட்டு, எந்தக் காற்றில் தோணியைக் கடலில் இறக்கலாம், எந்தக் காற்றில் அதனைக் கரையேற்றிக் கட்டவேண்டும் என்று கணித்தறிந்து வாழ்ந்தனர். பாயை விரித்தும் பொலியைத் தூற்றியும் அவர்கள் பயன்கொண்ட அதே காற்று இன்று நம் வீடுகளுக்கு விளக்கேற்றும் பணியிலும் ஈடுபட்டுள்ளது. 1999ஆம் ஆண்டிலே அம்பாந்தோட்டையில் ஐந்து சுழலிகளுடன், 3 மெகாவாற்று ஆற்றலில், இலங்கை மின்சார சபை ஒரு முன்னோடி முயற்சியைத் தொடக்கிற்று. பின்னர்ப் புத்தளம், பளை முதலிய இடங்களிலும் சுழலிகள் எழுந்தன. 2020ஆம் ஆண்டு திசெம்பரிலே மன்னார்த் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ என்னும் பெயருடன் ஒரு பெருங் காற்றாலை திறந்துவைக்கப்பட்டது. அங்கே 30 சுழலிகள் உள, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று ஆற்றலுடையது, ஆகமொத்தம் 103.5 மெகாவாற்று.

ஒரு பொறியைத் திறந்துவைக்கும் நாளில் மாலையும் மேளமும் பேச்சும் நிறைய உண்டு. அதன்பின் இருபது ஆண்டுக்காலம் அப்பொறி ஊருக்கு ஊறு செய்யாது நின்று சுழலுமாறு காப்பவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. கோபுரத்தின் உள்ளே ஏணிவழி ஏறி, ஆணிகளைத் தட்டி, எண்ணெயைச் சோதித்து, இறக்கைகளில் மயிரிழை போன்ற வெடிப்புகளைத் தேடும் அவர்தம் தொழிலைப் பற்றியே இவ்விழா மலரில் ஆராய விரும்புகின்றோம். விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் வகுப்பறையிலே கற்கும் பௌதிகம், இத்தொழிலில் ஒருவருடைய உயிரைக் காக்கும் அறிவாக மாறுவதை இக்கட்டுரையிற் காணலாம்.

சுழலியின் உறுப்புகள்

பரிசோதனையை விளங்கிக்கொள்ளுமுன் பரிசோதிக்கப்படும் பொருளை அறிதல் வேண்டும். நிலத்துள் புதைந்திருக்கும் கொங்கிறீற்று அத்திவாரம். அதன்மேல் உருக்குக் குழாய்களை ஒன்றன்மேலொன்றாக ஆணியிட்டுப் பொருத்திய கோபுரம். கோபுர உச்சியிலே ஒரு சிற்றறையை ஒத்த பொறியறை. அதன் முகப்பில், வண்டிச் சில்லின் குடத்தைப் போன்றதொரு குடம். அக்குடத்திற் பொருந்திய மூன்று இறக்கைகள். இவை வெளியிற் காண்பன.

இறக்கைகள் பெரும்பாலும் கண்ணாடி நாரையும் பிசினையும் கொண்டு ஆக்கப்பட்டவை; உள்ளே கூடானவை. குடத்தினின்று புறப்படும் பிரதான அச்சு நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை அளவில் மெல்லச் சுழலும். மின்பிறப்பாக்கிக்கு அவ்வேகம் போதாது. ஆதலின் இடையே உள்ள கியர்ப்பெட்டி அதனை ஏறத்தாழ நூறு மடங்காகப் பெருக்கிக் கொடுக்கின்றது. கியர்ப்பெட்டி இல்லாமலே இயங்கும் சுழலிகளும் உண்டெனினும், அதனையுடையனவே மிகுதி. இவற்றுடன், பொறியறையைக் காற்றின் திசைக்குத் திருப்பும் பொறியும், ஒவ்வோர் இறக்கையையும் தன் அச்சிலே முறுக்கிக் கோணத்தை மாற்றும் பொறியும் உள்ளன. பின்னையது மிக இன்றியமையாதது. காற்று மிஞ்சும்போது இறக்கையின் விளிம்பைக் காற்றுக்கு நேராகத் திருப்பிச் சுழலியை அடக்குவது இதுவே.

பழுது எங்ஙனம் உண்டாகின்றது?

அசையாது நிற்கும் ஒரு பாலத்துக்கும் இடையறாது சுழலும் இப்பொறிக்கும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. சுழலியின் இறக்கை கீழ்நோக்கித் தொங்கும்போது அதன் எடை அதனை நீட்டி இழுக்கின்றது. கிடையாக வரும்போது ஒரு பக்கமாக வளைக்கின்றது. அரைச் சுற்றுக் கழிந்து மறுபுறம் கிடையாகும்போது எதிர்ப்பக்கமாக வளைக்கின்றது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை இங்ஙனம் வளைவு மாறி மாறி வருகின்றது. நிமிடத்துக்கு 12 சுற்று, ஆண்டுக்கு 7,000 மணிநேர ஓட்டம் என வைத்துக் கணித்துப் பார்ப்போம். ஆண்டொன்றுக்கு 50 இலட்சத்துக்கு மேற்பட்ட வளைவுகள். இருபது ஆண்டுகளிலே பத்துக் கோடி!

ஒரு கம்பியைக் கையால் ஒருமுறை வளைத்தால் அது முறிவதில்லை. மாறி மாறிப் பலமுறை வளைத்தால் முறிந்துவிடுகின்றது. இதனையே உலோகத்தின் களைப்பு என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செருமானிய அறிஞர் ஒகஸ்ற் வோலர், புகையிரத அச்சுகள் சுமக்கத்தக்க பாரத்தையே சுமந்தும் ஏன் திடீரென முறிகின்றன என்று ஆராய்ந்து, இவ்வுண்மையை முறையான சோதனைகளால் நிலைநாட்டினார். களைப்பின் கொடுமை என்னவெனில், அது அறிவித்துக்கொண்டு வருவதில்லை. நகக்கீறல் அளவினதாய்த் தொடங்கும் வெடிப்பு, நெடுங்காலம் மெல்ல வளர்ந்து, எஞ்சிய உலோகம் தாங்கவியலாத நிலையை அடைந்ததும் நொடிப்பொழுதில் முறிவாகின்றது. ஆகவே அவ்வெடிப்பு மெல்ல வளரும் காலமே பரிசோதகருக்குக் கிடைக்கும் தவணை. அத்தவணைக்குள் அதனைக் கண்டுபிடித்தல் வேண்டும்.

களைப்பு உள்ளிருந்து வரும் பகை. வெளியிருந்து வரும் பகைகளும் உள. முதலாவது மழை. 126 மீற்றர் விட்டமுடைய சுழலி நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை சுழலும்போது இறக்கையின் நுனி செக்கனுக்கு 79 மீற்றர், அஃதாவது மணிக்கு ஏறத்தாழ 285 கிலோமீற்றர் வேகத்தில் விரைகின்றது. அவ்வேகத்தில் வந்து மோதும் மழைத்துளி நீர்த்துளியாயிராது. சிறு கல்லாக அடிக்கின்றது. நாளடைவில் இறக்கையின் முன்விளிம்பிலே வண்ணப்பூச்சு உரிந்து, பின் நார்ப்படலமும் அரிக்கப்படுகின்றது. இரண்டாவது கடற்கரையின் உப்புக்காற்று. மன்னாரிலே வீட்டுக் கதவின் பிணைச்சல் எவ்வளவு விரைவிற் துருப்பிடிக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மூன்றாவது மின்னல். வெளியான நிலத்திலே எல்லாவற்றினும் உயர்ந்து நிற்பது சுழலியே. இடி அதனையே நாடும். இறக்கையின் நுனியில் உலோகப் பொட்டுகளைப் பதித்து, உள்ளே கடத்தியொன்றை ஓடவிட்டு, மின்னலை நிலத்துக்கு இறக்குவர். அக்கடத்தி எங்கேனும் அறுந்திருப்பின் மின்னல் இறக்கையின் உள்ளே பாய்ந்து, அங்குள்ள ஈரத்தைக் கணத்தில் நீராவியாக்கி, இறக்கையையே பிளந்துவிடும்.

அத்திவாரம் முதல் இறக்கை நுனி வரை

இனிப் பரிசோதகர் என் செய்கின்றனர் என்பதைப் பார்ப்போம். அவர்தம் பார்வை நிலத்திலிருந்தே தொடங்குகின்றது. அத்திவாரக் கொங்கிறீற்றில் வெடிப்பு உண்டா, கோபுரத்தின் அடிவளையத்துக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையே நீர் புகுந்த தடம் உண்டா, காற்றடிக்கும்போது அவ்விடத்தில் அசைவு தென்படுகின்றதா என நோக்குவர். கதவினருகே எண்ணெய்க் கசிவும், மணத்தில் மாறுபாடும், வழக்கமில்லாத ஒலியும் உண்டோவென்று அறிந்த பின்னரே உள்ளே செல்வர்.

அடுத்து வருவன கோபுரப் பகுதிகளை இணைக்கும் ஆணிகள். கட்டைவிரலினும் தடித்த இவ்வாணிகள் ஒவ்வோர் இணைப்பிலும் வட்டமாக நூற்றுக்கணக்கிற்கூட அமைந்திருக்கும். ஆணியை இறுக்கமாக முடுக்குவது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது. முடுக்கிய ஆணி நீட்டிய வில்லைப்போல் இரு பகுதிகளையும் அழுத்திப் பிடிக்கின்றது. அவ்வழுத்தம் வெளியிலிருந்து வரும் இழுப்பினும் மிகுந்திருக்கும்வரை, காற்றால் உண்டாகும் ஏற்றத்தாழ்வு ஆணியைப் பெரிதும் தாக்குவதில்லை. ஆணி சிறிது தளர்ந்தாலோ, அவ்வேற்றத்தாழ்வு முழுவதையும் அதுவே ஏற்கின்றது, களைப்படைந்து முறிகின்றது, அதன் சுமை அயல் ஆணிகளின்மேல் விழுகின்றது. ஆதலால் சுழலி ஓடத்தொடங்கிய சில நூறு மணிநேரத்துள் ஆணிகளை ஒருமுறை சோதித்துப் பின்னர்க் குறித்த காலந்தோறும் சோதிப்பர். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் சோதியாது ஒரு பங்கை மட்டும் சோதிப்பதும் உண்டு. ஆனால் அப்பங்கிலே தளர்ந்தது ஒன்று காணப்படின், அவ்விணைப்பின் எல்லா ஆணிகளையும் சோதித்தல் முறையாகும். ஆணியின் தலையிலிருந்து அடுத்த தகடுவரை வண்ணத்தால் ஒரு கோடு கீறிவிடுவர். கோடு நேராயிராது விலகியிருந்தால் ஆணி அசைந்துவிட்டது என்பது வெளிச்சம். எளிய உபாயம், ஆயினும் விலைமதிப்பற்றது.

பொறியறையிலே கியர்ப்பெட்டியும், பெயாரிங் எனப் பட்டறைகளில் வழங்கும் போதிகைகளும் கவனத்துக்குரியன. கியர்ப்பெட்டியின் எண்ணெயில் ஒரு சிறு குப்பி அளவு எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவர். வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து நோயறிவது போல, எண்ணெயிற் கலந்துள்ள இரும்புத் துகளின் அளவையும் நீரின் அளவையும் கொண்டு உள்ளே தேய்வு எந்நிலையில் உள்ளதென அறியலாம். சிறு துளைவழியே மெல்லிய குழாய்க் கமெராவைச் செலுத்திப் பற்களின் முகத்தையும் பார்ப்பர். அதிர்வைக் கேட்பது வேறொரு வழி. போதிகையின் பாதையில் ஒரு சிறு குழி விழுந்திருப்பின், உருளைகள் அதனைக் கடக்குந்தோறும் ஒரு தட்டு உண்டாகும். அச்சின் வேகத்தையும் உருளைகளின் தொகையையும் கொண்டு அத்தட்டின் அதிர்வெண்ணை முன்கூட்டியே கணிக்கலாம். இசைக்கவையைத் தட்டி அதிர்வெண்ணைக் கண்டறியும் மாணவர் செய்யும் வேலையின் பெருவடிவமே இது. அதிர்வுப் பதிவிலே அவ்வெண் தலைகாட்டினால், பெட்டியைத் திறவாமலே எந்தப் போதிகை நோயுற்றதெனச் சொல்லிவிடலாம். மின்பெட்டிகளில் தளர்ந்த இணைப்புகள் சூடேறும். வெப்பத்தைப் படமாக்கும் கமெரா அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

இறுதியாக இறக்கைகள். நிலத்தில் நின்று தொலைநோக்கியாற் பார்த்தலும், கயிற்றில் இறங்கி அருகிற் சென்று பார்த்தலும் பழைய முறைகள். இப்பொழுது ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு பறப்பூர்தி இறக்கையின் ஒவ்வொரு சாண் பரப்பையும் படம்பிடித்து வந்துவிடுகின்றது. இதனால் மனிதர் உயரத்திலே தொங்கவேண்டிய நேரம் பெரிதும் குறைந்துள்ளது. இது பெரும் பேறே. ஆயினும் படம் மேற்பரப்பை மட்டுமே காட்டும். சந்தையிலே சட்டி வாங்குபவர் விரலின் மடிப்பினாற் தட்டி, ஓசையைக் கேட்டே வெடிப்பை அறிவார். அதுபோலவே இறக்கையின் படலங்கள் உள்ளே பிரிந்திருக்கின்றனவா என்பதைச் சிறு சுத்தியலாற் தட்டிக் கேட்டறியும் முறை இன்றும் கைவிடப்படவில்லை. நல்ல இடத்தில் ஓசை கணீரென்றும், பிரிந்த இடத்தில் மந்தமாகவும் இருக்கும். இடிதாங்கிக் கடத்தியின் இரு முனைகளுக்கிடையே தடையை அளந்து, அது அறுபடாது தொடர்கின்றதா என்பதையும் உறுதிசெய்வர்.

அடக்கும் ஆற்றல்

சுழலியை ஓடவைப்பது காற்று. அதனை நிறுத்தவேண்டியது மனிதன் அமைத்த ஏற்பாடு. எனவே பரிசோதனைகளுள் தலையாயது நிறுத்தும் ஏற்பாடுகளின் பரிசோதனையாகும்.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு நேர்விகிதமாதலின் என்க. ஆகவே செக்கனுக்கு 25 மீற்றர் அளவை நெருங்கும் காற்றிலே பெரும்பாலான சுழலிகள் தாமே ஒதுங்கி நின்றுவிடுகின்றன. மின்வலையுடன் உள்ள தொடர்பு திடீரென அறுந்தால் நிலைமை இன்னும் கடுமையாகும். மின்பிறப்பாக்கியின் எதிர்விசை மறைந்துவிடுவதால் சுழலி கட்டறுந்த காளைபோல் வேகம் கொள்ளும். அவ்வேளையில் மூன்று இறக்கைகளும் தனித்தனியே, வெளி மின்சாரத்தை எதிர்பாராது, தத்தமக்குரிய மின்கலத்தின் அல்லது எண்ணெய் அழுத்தக் கலத்தின் துணைகொண்டு திரும்புதல் வேண்டும். ஆண்டு முழுவதும் பயன்படாது கிடக்கும் அம்மின்கலம் ஒருநாள் ஒரு நிமிடம் உதவவேண்டியுள்ளது. அந்நிமிடத்திலே அது வலுவிழந்திருந்தால் யாது பயன்?

டென்மார்க்கிலே யொகனெஸ் ஊல் என்னும் பொறியியலாளர் 1957ஆம் ஆண்டில் கெட்சர் என்னுமிடத்தில் நிறுவிய 200 கிலோவாற்றுச் சுழலி இக்கருத்துக்கு நல்ல சான்று. வேகம் மிஞ்சினால் இறக்கைகளின் நுனிப்பகுதி தானே திரும்பித் தடையாகுமாறு அவர் அதனை அமைத்தார். பெரும் பழுதுபார்ப்பின்றி ஏறத்தாழப் பத்தாண்டு அது உழைத்தது. அதே நாட்டில் 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் ஓர்ன்ஸ்லெற் என்னும் ஊரருகே நிகழ்ந்தது இதற்கு எதிர்மாறு. புயற்காற்றில் ஒரு சுழலியின் தடுப்புகள் பயன்றறுப்போயின. கட்டுமீறிச் சுழன்ற இறக்கைகளுள் ஒன்று சிதறிக் கோபுரத்தைத் தாக்க, கோபுரம் இடைமுறிந்து வீழ்ந்தது. தொலைவிலிருந்து பிடித்த படத்திலே இக்காட்சி பதிவாயிற்று. தடுப்புகளை ஓட்டிப் பார்த்துச் சோதிக்காமல் ‘இருக்கின்றன’ என்று மட்டும் ஏட்டில் எழுதுவதாற் பயனில்லை என்பதற்கு அப்படமே போதிய பாடம்.

ஏறுவோரின் பாதுகாப்பு

பொறியைக் காப்பவரைக் காப்பது யார்? இவ்வினா முன்னதினும் பெரிது.

நம்மூரிலே பனையேறும் தொழிலாளி, மரத்தில் கால் வைக்குமுன் தன் தளைநாரை நாள்தோறும் இழுத்துப் பார்ப்பார். நேற்று நன்றாயிருந்தது என்பது இன்றைக்குச் சான்றாகாது என்பதை அவர் அறிவார். சுழலியில் ஏறுபவரும் தம் உடற்கச்சையையும், வீழ்ச்சியைத் தடுக்கும் பற்றியையும், கொக்கிகளையும் ஒவ்வொரு முறையும் பார்த்தே ஏறுதல் வேண்டும்.

ஏறுமுன் செய்யவேண்டுவன வேறும் உள. பல நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்தும் சுழலியை ஓடவிடலாம். ஆகவே அவ்வதிகாரத்தை நீக்கி, ஆளியைச் சுழலியிடத்திலேயே நிறுத்திப் பூட்டுப் போட்டு, அதன் திறப்பை ஏறுபவர் தம் சட்டைப்பையிலே வைத்துக்கொள்வர். குடத்தினுள் நுழையுமுன் உருக்கு முளையொன்றைச் செருகிச் சுழற்சியைப் பூட்டுவர். மின்சாரத்தை நிறுத்தியதும் கைவைப்பதில்லை. கொள்ளளவிகளில் தேங்கிய ஏற்றம் வடியும்வரை காத்திருந்து, அளந்து பார்த்த பின்னரே தொடுவர். கருவிகளை வாரினாற் பிணைத்துக்கொள்வர். 80 மீற்றர் உயரத்திலிருந்து நழுவும் ஒரு திருகுசாவி, காற்றின் தடையை நீக்கிக் கணித்தால், நான்கு செக்கனில் நிலத்தை அடையும். அப்போது அதன் வேகம் மணிக்கு 140 கிலோமீற்றருக்கு மேலாகும். கீழே நிற்பவருக்குத் தலைக்கவசமும் அப்போது காப்பாகாது. எனவே கோபுரத்தின் அடியிலே வீணாக எவரும் நிற்றலாகாது.

தனியே ஒருவர் ஏறுதல் கூடாது. கச்சையிலே அசைவின்றித் தொங்கும் மனிதனின் கால்களிலே குருதி தேங்கி, சிறிது நேரத்தில் உயிருக்கே ஆபத்து நேரும். தீயணைப்புப் படையினர் வரும்வரை காத்திருக்க இயலாது. உடன் ஏறியவரே மீட்டு இறக்குதல் வேண்டும். ஆகவே மீட்புப் பயிற்சியை ஒருமுறை பெற்றுவிட்டு மறத்தல் தகாது. காலந்தோறும் மீளப் பயிலுதல் வேண்டும்.

நம் நாட்டுக்குச் சிறப்பாக ஒன்று கூறுவோம். சோளகமும் வாடையும் ஓய்ந்த இடைப்பருவங்களே பெரும் பழுதுபார்ப்புக்கு உகந்த காலம். ஆனால் சித்திரையும் ஐப்பசியுமாகிய அவ்விடைப்பருவங்களிலேதான் பிற்பகல் இடிமுழக்கமும் மிகுதி. காற்று ஓய்ந்தது கண்டு மகிழ்ந்து ஏறுபவர் வானத்தையும் பார்த்தே ஏறவேண்டும். உயரத்திலே செய்யும் வேலையை முற்பகலில் முடித்துக்கொள்ளுதலும், இடியொலி கேட்ட அளவில் இறங்கிவிடுதலும் அறிவுடைமையாம்.

2013ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் நெதர்லாந்தில் ஊல்ற்கென்ஸ்பிளாற் என்னும் ஊரிலே பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்த சுழலியொன்றின் பொறியறையில் தீ மூண்டது. மேலேயிருந்த தொழிலாளருள் இருவர் தப்பி இறங்கினர். ஏனைய இருவருக்கும் இறங்கும் வழியைத் தீ மறித்துக்கொண்டது. இளைஞராகிய அவ்விருவரும் உயிரிழந்தனர். பொறியறையிலிருந்து கோபுரத்துக்கு இறங்கும் வாயில் ஒன்றே. அதனருகே தீப்பற்றினால் வேறு வழி வேண்டும். பொறியறையின் வெளிப்புறமாக நிலம்வரை இறங்கத்தக்க கயிற்றுக் கருவி மேலே இருத்தல் வேண்டுமென்பதும், ஏறியவுடன் அது எங்குள்ளது எனக் கண்ணாற் கண்டு கையாற் தொட்டறிதல் வேண்டுமென்பதும் இதனாற் பெறப்படும். அவ்விளைஞர் இருவரின் நினைவுக்கு நாம் செய்யத்தக்க மரியாதை இவ்வறிவைக் கைவிடாதிருத்தலே.

கண்டதும் செய்ததும்

இதுகாறும் கூறியவையெல்லாம் குறையைக் கண்டறியும் வழிகள். கண்டறிந்ததன் பின் யாது செய்வது? இங்கேதான் இத்தொழிலின் உயிர்நிலை இருக்கின்றது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வெர்மொன்ற் மாநிலத்தில், கிராண்பாஸ் நொப் என்னும் குன்றின்மேல், பாமர் பற்னம் என்பாரின் முயற்சியால் 1941ஆம் ஆண்டு ஒக்டோபரில் 1,250 கிலோவாற்றுச் சுழலியொன்று இயங்கத்தொடங்கியது. மெகாவாற்று அளவை எட்டிய முதற் சுழலி அதுவே. 53 மீற்றர் விட்டமும் உருக்கினாலான இரு இறக்கைகளும் உடையது. 1943 பெப்ரவரியில் அதன் பிரதான போதிகை பழுதுற்றது. உலகப்போர் நடந்த காலமாதலின், புதியது கிடைக்க ஏறத்தாழ ஈராண்டு சென்றது. இறக்கையின் அடிப்பகுதி வலுக்குறைந்த இடம் என்பது பொறியியலாளருக்குத் தெரிந்தேயிருந்தது. எனினும் பொருட்தட்டுப்பாட்டினால் அவ்விடம் வலுப்படுத்தப்படவில்லை. 1945 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் சுழலி மீண்டும் ஓடவிடப்பட்டது. அதே மாதம் 26ஆம் நாள் இறக்கைகளுள் ஒன்று தெரிந்திருந்த அதே இடத்திலே முறிந்து பறந்தது. மொத்தம் 1,100 மணிநேரமளவே உழைத்த அப்பெரும் பொறி அத்துடன் நின்றுவிட்டது. அதனை விஞ்சும் ஆற்றலுடைய சுழலி 1970களின் பிற்பகுதிவரை உலகில் எழவில்லை.

இங்கே கண்கள் தவறவில்லை, கணிப்பும் தவறவில்லை. கண்ட குறைக்கு ஏற்ற செயல் பின்தொடரவில்லை. அஃது ஒன்றே குறை. போர்க்காலத்தின் நெருக்கடியை நாம் உணர்கின்றோம். ஆயினும் இரும்பு எவருடைய நெருக்கடியையும் உணர்வதில்லை.

நெருக்கடி என்பது போர்க்காலத்துக்கு மட்டும் உரியதன்று. 3.45 மெகாவாற்றுச் சுழலி ஒன்று முழு ஆற்றலுடன் ஒருநாள் ஓடினால் 82,800 அலகு மின்சாரம் கிடைக்கும். நல்ல சோளகம் வீசும் ஆடி மாதத்தில், ‘இவ்வெடிப்பைப் பழுதுபார்க்கும்வரை சுழலியை நிறுத்துக’ என்று ஒருவர் எழுதினால், அவ்வளவு மின்சாரத்தையும் நாள்தோறும் இழக்கவேண்டி வரும். ‘காற்று ஓயட்டும், பிறகு பார்க்கலாம்’ என்னும் குரல் அப்போதே எழும். காற்று மிகும் காலமே வெடிப்பு விரைந்து வளரும் காலமும் ஆகும் என்பதை அக்குரல் மறந்துவிடுகின்றது. எவ்வளவு நீளம்வரை வெடிப்பு இருந்தால் ஓடவிடலாம், எதற்குமேல் நிறுத்தவேண்டும் என்னும் எல்லையை அமைதியான நாளிலே முன்கூட்டி எழுதிவைத்தல் வேண்டும். எல்லை கடந்ததைக் கண்டவர், பதவியில் எவ்வளவு இளையவராயினும், சுழலியை நிறுத்தும் அதிகாரம் உடையவராதல் வேண்டும். அவ்வதிகாரம் இல்லாத பரிசோதகர் காவற்காரர் அல்லர், வெறும் சாட்சி.

ஏடும் மெய் பேசுதல் வேண்டும். ‘நன்று’, ‘பரவாயில்லை’ என்னும் சொற்கள் பரிசோதனை ஏட்டுக்கு உதவா. இத்தனையாம் இறக்கை, அடியிலிருந்து இத்தனை மீற்றர், வெடிப்பின் நீளம் இத்தனை மில்லிமீற்றர், கண்ட நாள் இன்னது என அளவாக எழுதுதல் வேண்டும். வெடிப்பின் இரு முனைகளிலும் குறியிட்டு நாளையும் பொறித்துவிட்டால், அடுத்த முறை வருபவர் அது வளர்ந்ததா நின்றதா என்பதை நொடியில் அறிவார். அவர் முன்பின் அறியாத ஒருவராயிருக்கலாம். ஆயினும் அவருடைய உயிர் முன்னவரின் கையெழுத்தை நம்பி ஏறுகின்றது. ஏறாமலே ஏறியதாகக் கையொப்பமிடுபவர் பொய்யெழுதும் குற்றத்தோடு நிற்கவில்லை. இன்னொருவருடைய தளைநாரை அறுத்துவைக்கும் குற்றத்தையும் செய்கின்றார்.

முடிவுரை

சுழலிகளைக் குறைந்தது இருபது ஆண்டு உழைக்குமாறு கணித்து அமைப்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட நியமம். மன்னார்ச் சுழலிகளுக்கு அவ்வெல்லை 2040ஆம் ஆண்டிலே வரும். அன்று அவற்றைக் கழற்றி இறக்குவதா, இன்னும் சில ஆண்டு ஓடவிடுவதா என்னும் வினா எழும். அதற்கு விடை, இன்று தொடங்கி ஆண்டுதோறும் எழுதப்படும் பரிசோதனை ஏடுகளிலேயே இருக்கும். அவ்வேடுகள் மெய்யாயின் விடையும் மெய்யாகும்.

அவ்விடையை எழுதப்போகின்றவர்கள் யார்? இன்று நம் கல்லூரியின் வாங்குகளில் இருந்து, வில்லின் நீட்சியையும் இசைக்கவையின் அதிர்வையும் அளந்துகொண்டிருக்கும் மாணவர்களே. அவர்களுள் சிலர் கோபுரத்தில் ஏறுவர். சிலர் ஏறுபவரின் அறிக்கையைப் படித்துத் தீர்ப்பளிக்கும் ஆசனத்தில் அமர்வர். ஆய்வுகூடத்திலே வாசிப்பு எதிர்பார்த்த விடைக்குப் பொருந்தாதபோது அதனை மாற்றி எழுதாது, கண்டதைக் கண்டவாறே எழுதும் பழக்கத்தை இன்றே கைக்கொள்வார்களாக. அப்பழக்கம் அன்று அவர்களுக்கும், கோபுரத்தின் நிழலிலே வலை உலர்த்தி வாழும் மக்களுக்கும் காப்பாக அமையும்.